பச்சைப் பெட்டி, சாம்பல் பெட்டி, ஒரு சீட்டு

சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. கிராம் சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றை நுண்நோக்கியில் பொருத்தி, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். பெரிய தட்டையான யோனிச் செல் ஒன்று. அதன் விளிம்பே தெரியாதபடி மேலெல்லாம் மணலைத் தூவியதுபோல் நுண்ணிய பாக்டீரியாக்கள். 'க்ளூ செல்' என்பது அதன் பெயர்; துப்புத் தரும் செல் என்று பொருள். முன்வரிசை மாணவி ஒருத்தி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "மேடம், இது யாரிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்விக்கு நான் யோசிக்காமல் விடை சொல்லியிருப்பேன். "யாரிடமிருந்தும் இல்லை, பாக்டீரியல் வெஜைனோசிஸ் பால்வினை நோய் அன்று" என்று. அன்று வகுப்பில் தயங்கி நின்றேன். மணி அடித்துவிட்டது, விடையை அடுத்த வகுப்பில் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன். அந்த விடையைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் விதர்ப்பாவுக்கு வந்த புதிது. மருத்துவ நுண்ணுயிரியலில் முதுகலை முடித்த கையோடு வந்திருந்தேன். மராத்தி இன்னும் நாவில் படியவில்லை. ஆய்வுக்கான மாதிரிகளுக்காக வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பேன். பருத்தி எடுப்புக் காலம். காலையிலேயே வந்து, பகல் கூலியை இழக்காமல் திரும்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலோர் சொல்வது ஒரே வாசகம்: "அங்காவரூன் பாண்டர ஜாதம்." உடம்பிலிருந்து வெள்ளை போகிறது. நம் ஊரில் வெள்ளைப்படுகிறது என்பதற்கு நேரான சொல். சொல்லும்போது தலை குனிவதும் நம் ஊரைப் போலவேதான்.

அவர்களுள் ஒருவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். இரண்டு குழந்தைகள். நான்காவது முறையாக வந்திருந்தார். என்னைத் "தாயி" என்று விளித்தார். மராத்தியில் அக்கா என்று பொருள். இடுப்பில் செருகியிருந்த துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். காலி மருந்துப் பெட்டிகள் விழுந்தன. மூன்று பச்சை, இரண்டு சாம்பல்.

மருத்துவ மாணவர்களுக்கு இந்த நிறங்கள் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், பிறப்புறுப்புத் தொற்றுகளுக்கான மருந்துகள் ஏழு நிறப் பெட்டிகளில் கட்டித் தரப்படுகின்றன. சாம்பல் பெட்டியில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்ஸிம் 400 மில்லிகிராமும் இருக்கும். ஆணின் சிறுநீர்ப்பாதைக் கசிவுக்கும் பெண்ணின் கருப்பை வாய் அழற்சிக்கும் உரியது. கொனோரியா, கிளமிடியா இரண்டையும் ஒருசேரக் குறிவைப்பது. பச்சைப் பெட்டியில் செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூக்கோனசோல் 150 மில்லிகிராம், யோனி அழற்சிக்கு. வெள்ளைப் பெட்டியில் பிறப்புறுப்புப் புண்ணுக்கான பென்சத்தீன் பெனிசிலின் ஊசிமருந்தும் அசித்ரோமைசினும். இவ்வாறே மற்ற நிறங்கள்.

இதற்குக் குறிகுணம் சார்ந்த சிகிச்சை என்று பெயர். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறிகளின் தொகுப்பைப் பார்த்து, அதற்குக் காரணமாகக் கூடிய முக்கியக் கிருமிகள் அனைத்துக்கும் அன்றே மருந்து கொடுத்துவிடுவது. இதனை ஏளனம் செய்வது எளிது. ஆனால், இன்று அனுப்பினால் நாளை திரும்பி வர இயலாத நோயாளிக்கு, ஆய்வகமே இல்லாத சிற்றூரில், இதைவிடப் பயனுள்ள வழி பலகாலம் இருந்ததில்லை. ஆணின் சிறுநீர்ப்பாதைக் கசிவிலும் பிறப்புறுப்புப் புண்ணிலும் இம்முறை நன்றாகவே வேலை செய்கிறது. இடறுவது ஓரிடத்தில்தான்: வெள்ளைப்படுதலில். ஏனெனில் வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லுக்குள் கருப்பை வாயின் நோயும் யோனியின் நோயும், நோயே இல்லாத இயல்பான கசிவும் ஒளிந்திருக்கக் கூடும். அவற்றைப் பிரித்தறிய ஸ்பெகுலம் வைத்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன. பார்க்காமல் கொடுக்கும்போதுதான் பச்சையோடு சாம்பலும் சேர்ந்து போகிறது.

அந்தப் பெண்மணிக்கு முதல் இரண்டு முறையும் அப்படித்தான் போயிருந்தது. நெரிசல், ஒரே ஒரு மருத்துவர், பரிசோதனை மேசைக்குத் திரை இல்லை. பெட்டிகள் மட்டும் இருந்தன.

சாம்பல் பெட்டி தனியாகப் போவதில்லை. அதை வாங்குபவரின் துணைக்கும் சிகிச்சை தர வேண்டும் என்பதால், துணையை அழைத்து வரச் சொல்லும் சீட்டு ஒன்றும் கூடவே போகும். இரண்டாம் முறை அவர் வந்த அன்று ஆலோசகர் விடுப்பில் இருந்தார். அந்தச் சீட்டை எழுதியது நான்தான். படிவத்தில் உள்ள கட்டங்களை நிரப்பி, பிரிவின் முத்திரையைக் குத்தி, கையில் கொடுத்தேன். முத்திரையில் 'பால்வினை நோய்ப் பிரிவு' என்றிருந்தது. அவருக்கு எழுத்து வாசனை இல்லை. கணவருக்கு இருந்தது.

நான்காம் முறை அவர் வந்தபோது இதையெல்லாம் சொன்னார். சீட்டைப் படித்த கணவர், "எவனிடமிருந்து வாங்கி வந்தாய்?" என்று கேட்டாராம். பிறகு ஒரு மாதம் பேசவில்லை. அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது பற்றி மாமியார் பேசத் தொடங்கியிருந்தார். அவர் இதை அழாமல்தான் சொன்னார். பெட்டிகளைச் சுட்டி, "எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன் தாயி. வாசனை போய்விட்டுத் திரும்ப வருகிறது. நான் என்ன செய்தேன்?" என்றார். என் கையெழுத்து உள்ள சீட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. அது என் எழுத்து என்று அவருக்குத் தெரியாது. நானும் அப்போது சொல்லவில்லை.

அன்று பேராசிரியை ஒருவர் இருந்தார். கதவைச் சாத்தி, திரைக்குப் பதிலாக ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, முறையாகப் பரிசோதித்தார். பாடநூலில் நான்கு வரியாகப் படித்தது அன்று பதினைந்து நிமிடத்தில் கண்முன் நிகழ்ந்தது. ஆதலால் அதை வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் கசிவின் தன்மை. மெல்லிய, ஒரே சீரான, சாம்பல் கலந்த வெண்மை. பால் பூசியதுபோல் யோனிச் சுவரில் படிந்திருந்தது. தயிர்க்கட்டி போல் இல்லை. அரிப்பும் சிவப்பும் இல்லை. கருப்பை வாயைத் துடைத்துப் பார்த்தார். சீழ் இல்லை, தொட்டால் இரத்தம் கசியவில்லை. சாம்பல் பெட்டிக்கான காரணம் அங்கேயே விழுந்துவிட்டது.

இரண்டாவது அமிலத்தன்மை. நலமான யோனியில் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் கிளைக்கோஜனிலிருந்து கிடைக்கும் சர்க்கரைகளை லாக்டிக் அமிலமாக்கி, பி.எச். அளவை 4.5க்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன. தாளைப் பக்கச் சுவரில் ஒற்ற வேண்டும் என்றார் பேராசிரியை. கருப்பை வாயின் சளியோ இரத்தமோ விந்தோ பட்டால் தாள் பொய் சொல்லும். அவை மூன்றும் காரத்தன்மை உடையவை. தாள் 5க்கு மேல் காட்டியது.

மூன்றாவது வாசனை. கசிவில் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. உடனே மீன் வாடை. காரம் பட்டதும் அமீன்கள் ஆவியாகி எழுவதே காரணம். விந்தும் மாதவிடாய்க் குருதியும் காரம் என்பதால், உறவுக்குப் பின்னும் தூரத்துக்குப் பின்னும் அதே வாடை தானாகவே எழும். இந்தச் சிறிய வேதியியல் உண்மை எத்தனை வீடுகளில் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

நான்காவது ஸ்லைடு. அது என் வேலை. ஒரு துளி உப்புநீர், கவர்ஸ்லிப், நாற்பது மடங்கு லென்ஸ். செல்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் க்ளூ செல்களாக இருந்தன. நீந்தும் டிரைக்கோமோனாஸ் இல்லை. பூஞ்சை இழை இல்லை. சீழ்ச் செல்களும் மிகக் குறைவு. இதனாலேயே இந்நோயின் பெயரில் அழற்சியைக் குறிக்கும் விகுதி இல்லை. படையெடுத்து வந்த ஒரு கிருமி அன்று இது. குடியிருந்த நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னரெல்லா முதலிய வேறு பல பெருகிவிட்ட நிலை.

இந்நான்கும் ஆம்செல் குழுவினர் 1983இல் வகுத்த அளவுகோல்கள். நான்கில் மூன்று இருந்தால் போதும். அவருக்கு நான்கும் இருந்தன. கிராம் சாயமேற்றி எண்ணிக் கூட்டும் நூஜென்ட் முறை 1991இல் வந்தது. 7 முதல் 10 வரை வந்தால் நோய். ஆய்வுக்கு அதுவே தரம். அன்றாட மருத்துவத்துக்கு ஒரு தாளும் ஒரு சொட்டுக் காரமும் ஒரு நுண்நோக்கியும் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். பச்சைப் பெட்டியிலிருந்த செக்னிடசோல் தவறான மருந்து அன்று. இந்நோய்க்கு அது ஏற்ற மருந்துதான். ஆனால் இந்நோய் மீண்டும் மீண்டும் வருவது. ஓராண்டுக்குள் பாதிப் பெண்களுக்கேனும் திரும்பி விடுகிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு முறை திரும்பியபோதும் அது அவர்மேல் புதிய சாட்சியாயிற்று. பேராசிரியை மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை, ஏழு நாள் எழுதினார். திரும்பி வரக்கூடும், வந்தால் பயப்படாமல் இங்கே வாருங்கள் என்றும் சொன்னார். மருந்துச் சீட்டைவிட அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான் அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

கணவரை ஒருநாள் அவரே அழைத்து வந்தார். "நீங்களே அவரிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டதால் பேசினேன். சீட்டை எழுதியது நான்தான், பார்க்காமல் எழுதியது தவறு என்பதை முதலில் சொன்னேன். பிறகு என் அரைகுறை மராத்தியில், "பாவூ, இது உடலுறவால் வரும் நோய் அன்று. இதற்கும் நடத்தைக்கும் தொடர்பில்லை" என்றேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார். அந்த இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதினேன்; பேராசிரியை கையெழுத்திட்டார். என் சீட்டு கெடுத்ததை இந்தத் தாள் சரிசெய்துவிட்டது என்ற நிறைவோடு அன்று விடுதிக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு நான் நிறையப் படித்தேன். கட்சிரோலி எங்களுக்கு அதிகத் தூரமில்லை. அங்கே ராணி பாங்கும் அவர் குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் மனம் ஒப்புவதில்லை. 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே கண்ட தொற்றுகளில் பால்வினைத் தொற்றுகள் சிறுபான்மை. பாக்டீரியல் வெஜைனோசிஸ் போன்ற உள்ளிருந்தே எழுபவைதாம் மிகுதி. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களிடம் மனச்சோர்வும் குடும்பத் துயரும் கூடுதலாக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்த ஒற்றை வாசகத்தைக் கேட்டவுடன் பெட்டியை எடுக்கும் கை சற்றே நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இல்லையேல் எல்லாத் தொற்றும் இப்படித்தான் என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். அதே பிரிவில் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மூன்று நாளாகச் சிறுநீர்ப்பாதையில் சீழ், எரிச்சல். கிராம் சாயமேற்றினேன். வெள்ளணுக்களுக்குள் காப்பிக் கொட்டை இணைகள்போல் இளஞ்சிவப்பு இரட்டைக் கோளங்கள். 1879இல் நைசர் விவரித்த அதே கொனோகாக்கஸ். அறிகுறியுள்ள ஆணுக்கு இந்த ஒரு ஸ்லைடே பெரும்பாலும் போதும். ஆனால் அவர் மனைவியின் கருப்பை வாயிலிருந்து எடுத்த ஸ்லைடில் ஒன்றுமில்லை என்றால் அதை நம்பக்கூடாது. பெண்களிடம் கிராம் சாயம் ஏறக்குறையப் பாதித் தொற்றுகளைத் தவறவிடும். மரபணுப் பெருக்கச் சோதனை வேண்டும். கிளமிடியாவோ தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே காட்டாது. கருக்குழாயை அடைத்த பிறகு, குழந்தையின்மையாகத்தான் வெளிப்படும். இங்கே துணைக்குச் சீட்டு எழுதாமல் விடுவதுதான் குற்றம். வளர்சோதனையையும் விட்டுவிடாதீர்கள்: சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றாகத் தோற்கடித்த கிருமி இது. ஸ்வாப் உலர்ந்தால் இறந்துவிடும்; நோயாளியின் பக்கத்திலேயே தட்டில் தேய்த்து, கரியமில வாயு கூடிய சூழலில் வைக்க வேண்டும். தேவையின்றிப் போகும் ஒவ்வொரு சாம்பல் பெட்டியும் இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

1955இல் அமெரிக்காவில் கார்ட்னரும் டியூக்ஸும் இந்நோயை முதன்முதல் விவரித்தபோது, அந்தக் கிருமியைக் கணவர்களின் சிறுநீர்ப்பாதையிலும் கண்டதாக எழுதினர். பால்வழிப் பரவுவது என்பதே அவர்கள் கருத்து. பிறகு ஆண் துணைகளுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெண்களுக்குப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே துணைக்குச் சிகிச்சை வேண்டியதில்லை என்று நூல்கள் எழுதின. நானும் அதைப் படித்துத் தேர்வெழுதினேன். அந்தத் தாளில் எழுதியதும் அதன் பலத்தில்தான்.

2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக உள்ள 164 தம்பதியர். ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை. மற்றதில் ஆணுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே ஆண்குறியின் தோலில் பூசுவதற்கு 2 விழுக்காடு கிளிண்டமைசின் களிம்பு. பன்னிரண்டு வாரத்தில் நோய் திரும்பியது, பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்த பிரிவில் 63 விழுக்காடு. இருவருக்கும் தந்த பிரிவில் 35 விழுக்காடு. வேறுபாடு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினர். முந்தைய ஆய்வுகள் மாத்திரையோடு நின்றன. தோலில் குடியிருந்த பாக்டீரியாக்களை அவை எட்டவில்லை போலும்.

அக்கட்டுரையைப் படித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தாள்தான். இரண்டு வாக்கியங்களில் முதலாவது ஆட்டம் கண்டுவிட்டது.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்மணி மீண்டும் வந்தார். நோய் திரும்பியிருந்தது. இம்முறை பயமில்லாமல் வந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. கணவருக்கும் மருந்து தரலாம் என்று பேராசிரியை கருதினார். தருவதானால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'சத்து மாத்திரை' என்று கொடுத்துவிடலாமே என்று பிரிவில் ஒருவர் யோசனை சொன்னார். ஒரு கணம் எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. பார்க்காமல் எழுதிய சீட்டும் சொல்லாமல் கொடுக்கும் மாத்திரையும் ஒரே வகைதான் என்று பட்டதால் மறுத்தேன், பேராசிரியையும் மறுத்தார்.

கணவர் வந்தார். நெகிழிப் பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாங்கள் புதிய செய்தியைச் சொல்லி முடித்ததும், "அப்படியானால் இது பொய்யா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "அன்று எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவு. முதல் வரி இப்போது மாறிவிட்டது" என்றேன். "இந்தப் பாக்டீரியாக்கள் உங்கள் தோலிலும் இருக்கலாம், அவர் உடலிலும் இருக்கலாம். வேறெவரும் நடுவில் வராமலே இருவருக்குள்ளும் போய் வரலாம். யார் முதல் என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இரண்டாம் வரி அப்படியேதான் இருக்கிறது." அவர் தாளை மீண்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். களிம்பை எப்படிப் பூசுவது என்று மட்டும் கேட்டார்.

இருவரும் ஏழு நாளும் மருந்தெடுத்ததாகப் பின்னர் அந்தப் பெண்மணி சொன்னார். நோய் இதுவரை திரும்பவில்லை. ஒரு தம்பதியை வைத்து எதையும் நிறுவ முடியாது; ஆகவே அதை முடிவாக எழுதவில்லை.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் சொல்லப்போவது இது. நீ கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அதே கேள்வியைத்தான் அந்தக் கணவரும் கேட்டார். நாம் அதைக் கேட்பது அடுத்து யாருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று அறிய. வீட்டில் அது கேட்கப்படுவது யாரைத் தண்டிக்க வேண்டும் என்று அறிய. நீ எழுதும் சீட்டு ஆய்வகத்திலிருந்து அந்த வீட்டுக்குத்தான் போகிறது. எனவே ஸ்பெகுலம் வைத்துப் பார்க்காமல் சாம்பல் பெட்டியைத் தொடாதே. பி.எச். தாளைப் பக்கச் சுவரில் ஒற்று. நோய் திரும்பி வரும் என்பதை முதல் நாளே சொல். துணைக்குச் சீட்டு எழுத வேண்டிய இடத்தில் தயங்காமல் எழுது. எழுதும்முன் அதை அவருக்கு வாசித்துக் காட்டு. இன்று உறுதியாகச் சொல்வது நாளை மாறினால், அதைச் சொன்னவர்களிடமே திரும்பப் போய்ச் சொல்.

ஸ்லைடு இன்னும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. புதன்கிழமை அடுத்த வகுப்பு.